சேவலின் பிளாஸ்மாவும் நாற்பத்தேழாவது குரோமோசோமும்

மனித செல் ஒன்றில் எத்தனை குரோமோசோம்கள் இருக்கின்றன? இன்று பள்ளி மாணவரைக் கேட்டால் யோசிக்காமல் 46 என்பார். 1955 வரை பேராசிரியர்களும் யோசிக்காமல்தான் பதில் சொன்னார்கள். அவர்கள் சொன்ன எண் 48. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோஃபிலஸ் பெயின்டர் 1923இல் எண்ணிச் சொன்ன கணக்கு அது. தெளிவாக அமைந்த சில தயாரிப்புகளில் 46தான் தெரிகிறது என்று முதலில் தயங்கியவரும் அவரே. ஆனால் 48 என்று அவர் முடிவுகட்டிய பிறகு, மைக்ராஸ்கோப்பில் கண்வைத்தவர்களுக்கெல்லாம் 48 தெரிய ஆரம்பித்துவிட்டது. முப்பது வருடம் பாடப்புத்தகங்கள் அதையே அச்சடித்தன.

எண்ணத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். எண்ணுவதற்கான பொருளே கண்ணுக்கு ஒழுங்காகச் சிக்கவில்லை. செல் இரண்டாகப் பிரியும் கொஞ்ச நேரத்தில் மட்டுமே குரோமோசோம்கள் சுருண்டு தடித்துத் தனித்தனியே தென்படும். அப்போதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரு கைப்பிடி வெந்த சேமியாவைத் தட்டில் கொட்டி, தொடாமல் இழைகளை எண்ணச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி. 1952இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் டி. சி. ஷூ என்ற ஆய்வாளரின் செல்கள் திடீரென்று அழகாக விரிந்து, குரோமோசோம்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன. காரணம் தேடியபோது, செல்களைக் கழுவும் உப்புக் கரைசலை யாரோ தவறுதலாக நீர்த்துப்போகச் செய்திருந்தது தெரிந்தது. நீர்த்த கரைசலில் செல் தண்ணீரைக் குடித்து உப்பும். உள்ளிருப்பவை இடைவெளி விட்டு விலகும். இவ்வளவு தெளிவாகப் பார்த்த பிறகும் ஷூ 48 என்றே எழுதினார்! 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் தியோவும் ஆல்பர்ட் லெவானும் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து எண்ணி, 46 என்றார்கள். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது.

இந்த எண்ணிக்கைக் கதையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இயல்பானது 46 என்று உறுதியாகத் தெரியாதவரை, ஒரு குழந்தையிடம் 47 இருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டாலும் 48இல் ஒன்று தவறிவிட்டதாக நினைத்துக் கடந்துபோவார்கள். அந்த 47ஐ முதன்முதலில் கண்ணாடித் தகட்டில் கொண்டுவந்து நிறுத்திய ஆய்வகத்தைக் கட்டியெழுப்பியவர், மரபியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர். மார்த் கோத்தியே, குழந்தைகளின் இதயத்தைப் பார்க்கும் டாக்டர்.

1925 செப்டம்பர் 10 அன்று, பாரிசுக்குக் கிழக்கே சேன்-எ-மார்ன் மாவட்டத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் அவர். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அக்கா போலெத் பாரிசில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். 1942இல், ஜெர்மானியர் பிடியில் நகரம் இருந்த காலத்தில், தங்கையும் மருத்துவம் படிக்க அங்கே போய்ச் சேர்ந்தார். வழிகாட்டியாக இருந்த அக்கா 1944 ஆகஸ்டில், பாரிஸ் விடுதலையாகும் நாட்களில், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படையினரால் கொல்லப்பட்டார். பெண்ணாக இருந்தால் ஆணைவிட இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்று அந்த அக்கா சொல்லிவைத்திருந்ததாகப் பிற்காலத்தில் கோத்தியே நினைவுகூர்ந்தார். பாரிஸ் மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவராக நுழைவதற்குக் கடுமையான போட்டித் தேர்வு உண்டு. அவர் தேறிய ஆண்டில் கிட்டத்தட்ட எண்பது ஆண்களுக்கு நடுவே பெண்கள் இருவரே இருந்தார்கள்.

1955இல் அவருடைய மருத்துவ ஆய்வேடு வாதக் காய்ச்சலைப் பற்றியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை நோகும். கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் பாதுகாப்புப் படை, இதய வால்வுகளையும் எதிரியாக நினைத்துத் தாக்கிவிடும். அந்தக் காலத்தில் குழந்தைகளின் இதயத்தைக் கெடுத்த முக்கிய நோய்களில் ஒன்று. வழிகாட்டிய ரொபேர் தெப்ரே பிரெஞ்சுக் குழந்தை மருத்துவத்தின் தலைமைப் புள்ளி. கோத்தியேவை ஒரு வருடம் ஹார்வர்டுக்கு அனுப்பிவைத்தார் அவர். 1955 செப்டம்பரில் கப்பலேறினார்கள். கூடவே போன பயிற்சி மருத்துவர்களில் ஒருவர் ஜான் எக்கார்டி, பின்னாளில் குழந்தைகளின் நரம்பியலில் பெரும்பெயர் பெற்றவர். பாஸ்டனில் கோத்தியேவுக்கு இரண்டு வேலைகள்: வாதக் காய்ச்சலுக்குக் கார்ட்டிசோன் கொடுக்கும் முறையையும், அலெக்சாண்டர் நாடாஸிடம் குழந்தைகள் இதய மருத்துவத்தையும் கற்பது. மூன்றாவது ஒன்றும் தலையில் விழுந்தது. ஓர் ஆய்வகத்தில் பகுதிநேரமாக டெக்னீஷியன் வேலை. உடலிலிருந்து எடுத்த சிறு துணுக்கைக் கண்ணாடியில் வளர்த்து, அதிலிருந்து கிளம்பும் செல்களைக் காப்பாற்றுவது. டாக்டர் பட்டம் பெற்றவருக்குக் கொடுக்கும் வேலையா இது என்று அவர் முகம் சுளித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

ஊர் திரும்பியபோது, பிசேத்ர் மருத்துவமனையில் அவருக்கென்று பேசிவைத்திருந்த குழந்தைகள் இதயப் பிரிவுப் பதவி வேறொருவருக்குப் போயிருந்தது. காலியாக இருந்த இடம் பாரிசின் துரூசோ குழந்தைகள் மருத்துவமனையில், ரேமோன் துர்பேனின் துறையில். பிறவியிலேயே பல குறைகளோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார் துர்பேன். குறிப்பாக, 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய டாக்டர் விவரித்த, அவர் பெயரால் டவுன் நிலை (டவுன் சிண்ட்ரோம்) எனப்படும் நிலையை. அதற்குக் காரணம் குரோமோசோமில் இருக்கலாம் என்று 1930களிலேயே அவர் எழுதியிருந்தார். ஹாலந்தைச் சேர்ந்த வார்டன்பர்க்கும் அதே சமயத்தில் அப்படிச் சந்தேகித்தார். சந்தேகத்தைச் சோதிக்க வழியில்லாமல் இருபது வருடம் கிடந்தது.

1956இல் கோபன்ஹேகனில் நடந்த மனித மரபியல் மாநாட்டிலிருந்து துர்பேன் திரும்பினார். 46 என்ற செய்தி அங்கே பேச்சாக இருந்தது. இந்தக் குழந்தைகளின் குரோமோசோம்களை எண்ண வேண்டும். ஆனால் பிரான்சில் செல் வளர்க்கும் ஆய்வகம் இல்லையே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். ஓர் அறை கொடுங்கள், நான் செய்கிறேன் என்றார் கோத்தியே. அங்கிருந்தவர்களில் அந்தக் கைத்தொழில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அறை கிடைத்தது. பழைய ஆய்வகம், தண்ணீர், கேஸ், மின்சாரம் உண்டு. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சென்ட்ரிஃபியூஜ், காலி அலமாரி, மங்கலான மைக்ராஸ்கோப். பணம் மட்டும் இல்லை. கண்ணாடிப் பாத்திரங்களும் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவியும் வாங்கச் சொந்தமாகக் கடன் வாங்கினார்.

செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாத தொல்லைகள் அதிகம். இன்றைக்குப் போல் தயார்நிலையில் புட்டியில் அடைத்த ஊட்டக் கரைசலை வரவழைக்கும் வசதி அவருக்கு இல்லை. எல்லாவற்றையும் தானே தயாரித்தாக வேண்டும். திசுத் துணுக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு பிசின் வேண்டும். அதற்குக் கோழியின் பிளாஸ்மா. ஆகவே மருத்துவமனை வளாகத்தில் ஒரு சேவல் வளர்ந்தது, அவ்வப்போது ரத்தம் கொடுப்பதற்காக. செல்கள் பெருகத் தூண்டும் சத்துக்கு, முட்டைக்குள் வளரும் குஞ்சின் சாறு. மனித சீரம் தேவைப்பட்டபோது கோத்தியே தன் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார். யாரோ தெரியாதவரின் சீரத்தில் என்ன மருந்து, என்ன கிருமி இருக்கும் என்று தெரியாது. கிருமி கலந்த சீரம் ஒரு துளி போதும், பல வார உழைப்பு கெட்டுப்போக. தன்னுடையது என்றால் அந்தச் சந்தேகம் இல்லை. தவிர, செலவும் இல்லை.

துணுக்கு எங்கிருந்து? ஏற்கெனவே வேறு காரணத்துக்காக அறுவை செய்யப்படும் குழந்தைகளிடமிருந்து இணைப்புத் திசுவின் நுனியளவு. அதைப் பொடியாக நறுக்கி, சேவல் பிளாஸ்மாவும் குஞ்சுச் சாறும் சேர்ந்து உறையும் படலத்தில் பதித்து, உடல் வெப்பத்தில் வைத்தால், சில நாட்களில் துணுக்கின் ஓரத்திலிருந்து நீண்ட, கதிர் போன்ற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஊர்ந்து வெளியே வரும். அவை பெருகிப் பிரியும் நேரம் பார்த்து, நீர்த்த கரைசலை ஊற்றி உப்பவைத்து, அப்படியே உறைந்து நிற்கும்படி வேதிப்பொருளால் பதப்படுத்தி, தகட்டை உலர விட வேண்டும். உலரும்போது செல் தட்டையாகப் படியும். குரோமோசோம்கள் ஒரே தளத்தில் விரிந்து கிடக்கும். பிறகு சாயம். பிறகு எண்ணுவது.

முதலில் இயல்பான குழந்தைகளின் செல்களையே அவர் எண்ணினார். மீண்டும் மீண்டும் 46 வந்தது. இந்தப் படிதான் மொத்த வேலையின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. தன் கைவேலையில் பிசகு இல்லை என்று நிரூபிக்காமல் நோயுள்ள குழந்தையைத் தொட்டிருந்தால், கூடுதல் ஒன்று குழந்தையுடையதா, தயாரிப்பின் குளறுபடியா என்று யாரால் சொல்ல முடியும்?

1958 மே மாதம் டவுன் நிலை கொண்ட ஒரு சிறுவனின் திசு வந்தது. தகட்டில் 47. மிகச் சிறிய குரோமோசோம்களின் கூட்டத்தில் ஒன்று கூடுதல்.

இனி நடந்ததைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. துர்பேன் துறையிலேயே, பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தின் சார்பில் பணியாற்றிய ஜெரோம் லெஜூன், கோத்தியேவைவிட ஒரு வயது இளையவர். இந்தக் குழந்தைகளின் உள்ளங்கை ரேகைகளை ஆராய்ந்தவர். கெட்டிக்காரர், பேச்சு வன்மை உள்ளவர். செல் வளர்ப்பறைக்கு அடிக்கடி வந்துபோக ஆரம்பித்திருந்தார். கோத்தியேவின் மைக்ராஸ்கோப்பில் படமெடுக்க வசதி கிடையாது. வேறிடத்தில் நல்ல கருவியில் எடுத்துவருகிறேன் என்று லெஜூன் தகடுகளை வாங்கிப் போனார். படங்கள் திரும்பி வரவில்லை. கேட்டபோது அவை துர்பேனிடம் இருப்பதாகப் பதில் வந்தது. இது கோத்தியேவின் தரப்பு. லெஜூன் தரப்பினர் அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டையும் கடிதங்களையும் காட்டுகிறார்கள். 47 என்று கவனித்துப் பதிந்தவர் லெஜூனே என்பது அவர்கள் வாதம். குறிப்பேடு இருப்பது உண்மை. அது லெஜூன் எண்ணினார் என்பதற்குச் சான்று. எண்ணக் கிடைத்த தகடு யாருடைய கையிலிருந்து வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

1958 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியலுக்குச் சென்ற லெஜூன், மெக்கில் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில் செய்தியை வெளியிட்டார். தனக்கு அது தெரியாது என்றார் கோத்தியே. 1959 ஜனவரி 26, திங்கட்கிழமை, பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் மூன்று குழந்தைகளைப் பற்றிய கட்டுரை முன்வைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் வேறொரு குழு இதே பாதையில் வருவது தெரிந்து அவசரப்பட்டார்கள். சனிக்கிழமைதான் தனக்குத் தகவல் சொல்லப்பட்டது என்று கோத்தியே எழுதினார். ஆசிரியர் வரிசை: லெஜூன், கோத்தியே, துர்பேன். ஆய்வை நடத்திக் காட்டியவர் முதலிலும் துறைத் தலைவர் கடைசியிலும் வருவது வழக்கம். நடுவில் நின்ற பெயரிலும் பிழை: மார்த் என்பது மரி ஆகியிருந்தது, குடும்பப் பெயரின் எழுத்தும் தவறியிருந்தது. மார்ச் மாதம் ஒன்பது குழந்தைகளைப் பற்றிய கட்டுரை வந்தது. எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸ் குழுவினரும் அதையே கண்டு உறுதிசெய்தார்கள்.

பின்னர் 21 என்று எண்ணிடப்பட்ட அந்த ஒற்றைக் குரோமோசோம் எப்படிக் கூடுகிறது? கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது, ஜோடி ஜோடியாக இருக்கும் குரோமோசோம்கள் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போக வேண்டும். எப்போதாவது ஒரு ஜோடி பிரிய மறுத்து ஒரே பக்கம் போய்விடும். பெரும்பாலும் இது முட்டையில் நடக்கிறது. பெண்ணின் முட்டைகள் அவர் பிறப்பதற்கு முன்பே பிரிதலைத் தொடங்கி, பாதியில் நின்று, பல பத்தாண்டுகள் காத்திருப்பவை. ஜோடியைப் பிடித்துவைத்திருக்கும் புரதப் பிணைப்பு வயதோடு தளர்கிறது. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு கூடுவதற்கு இது முக்கியக் காரணம். டவுன் நிலையுள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு இப்படித் தனியான மூன்றாவது 21 இருக்கிறது. சிறு பகுதியினருக்குக் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமில் ஒட்டியிருக்கும்; அந்த வகை மட்டும் சில சமயம் பெற்றோரிடமிருந்து வருவது.

பிற குரோமோசோம்களும் இப்படி மூன்றாகலாம். பெரும்பாலான கருக்கள் கலைந்துவிடும். 21இல் ஜீன்கள் மிகக் குறைவு என்பதால்தான் குழந்தை பிறந்து வளர முடிகிறது. அமிலாய்ட் புரதத்தின் ஜீன் அதில் இருப்பதால், இவர்களுக்கு அல்சைமர் நோய் சீக்கிரமே வரும் ஆபத்து அதிகம். சுமார் பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். இதய அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் முழுமையாக மூடாமல் போவது அவற்றில் முக்கியமானது. இவர்களின் சராசரி ஆயுள் இன்று அறுபதைத் தொட்டிருப்பதற்கு அறுவை சிகிச்சை வளர்ந்தது ஒரு முக்கியக் காரணம். போகிற போக்கில் ஒன்று: குரோமோசோம்களை நீளவாரியாக இறங்குமுகமாக 1960இல் எண்ணிட்டார்கள். பிறகு பார்த்தால் 21, 22ஐவிடச் சின்னது. அதற்குள் உலகமே 21 என்று எழுதிப் பழகியிருந்ததால் திருத்தவில்லை.

47 என்ற எண் இன்னொரு வேலையும் செய்தது. லாங்டன் டவுன் தன் காலத்து இனவாதக் கண்ணோட்டத்தில், ஐரோப்பியக் குழந்தை வேறோர் இனமாகப் பின்வாங்கிப் பிறப்பதாகக் கருதினார். பெற்றோரின் குடி, மேகநோய், தாயின் நடத்தை என்று பழி போடப் பலர் காத்திருந்தார்கள். தகட்டில் தெரிந்த அந்தச் சிறு புள்ளிக்கு முன்னால் இவை எதுவும் நிற்கவில்லை. பெற்றோர்மீதிருந்த பழி ஒரே நாளில் மறைந்துவிடவில்லைதான். ஆனால் டாக்டர்கள் அதைச் சொல்ல முடியாமல் போயிற்று. இதைப் பெற்றோரிடம் அக்கறையோடு எடுத்துச் சொன்னவர்களில் லெஜூன் முக்கியமானவர் என்பதையும் மறைக்கக் கூடாது. 1962இல் கென்னடி அறக்கட்டளை விருது, பாரிஸ் மருத்துவப் பள்ளியில் மரபியல் பேராசிரியர் பதவி, 1969இல் அமெரிக்க மரபியலாளர்களின் வில்லியம் ஆலன் விருது என்று அவர் புகழ் ஏறியது. கருவிலேயே இந்த நிலையைக் கண்டறிந்து கருக்கலைப்பு செய்வதைத் தீவிரமாக எதிர்த்தார். 1994இல் இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபை 2021இல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

கோத்தியே என்ன செய்தார்? சண்டை போடவில்லை. டவுன் ஆய்வை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் திரும்பினார். பின்னர் பிசேத்ரில் தானியேல் அலாஜியின் அழைப்பில் குழந்தைகளின் கல்லீரல் நோய்களுக்கான திசு ஆய்வுப் பிரிவை ஏற்படுத்தி நடத்தினார். பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மில் ஆய்வு இயக்குநராக உயர்ந்தார். ஒரு மருத்துவரின் வாழ்வாக அது நிறைவானதே. ‘வஞ்சிக்கப்பட்ட பெண் விஞ்ஞானி’ என்ற ஒரே சட்டத்துக்குள் அவரை மாட்டிவைப்பவர்கள், அந்தக் கல்லீரல் ஆண்டுகளை ஏன் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. இங்கே நானும் அப்படியே செய்கிறேன், வேறு வழியில்லை.

இடையில் தொழில்நுட்பமும் மாறிவிட்டது. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் முதலானோர், பீன்ஸிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் ரத்தத்தின் வெள்ளையணுக்களைப் பிரியத் தூண்டுவதைக் கண்டார்கள். அதன் பிறகு அறுவை அறையில் துணுக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் ஊசி போட்டுச் சில மில்லி ரத்தம் எடுத்தால் மூன்று நாளில் குரோமோசோம் தயார். கோத்தியே கட்டிய கைவினை இரண்டே வருடத்தில் பழசாகிப்போனது. அதனால் அதன் கடினத்தை அடுத்த தலைமுறை அறியவே இல்லை. ரத்தத்தில் எண்ணிப் பழகியவர்களுக்கு 47ஐக் கண்டது ஒரு கணத்தின் கூர்ந்த பார்வையாகத் தெரிந்தது. பார்ப்பதற்கு முந்தைய மாதங்கள் மறைந்துபோயின.

ஐம்பது வருடம் கழித்து, 2009இல், ‘மெதசீன்/சியான்ஸ்’ என்ற பிரெஞ்சு இதழில் தன் தரப்பை எழுதினார் கோத்தியே. மரபியல் வரலாற்றாசிரியர் பீட்டர் ஹார்ப்பரின் முயற்சியில் அது ஆங்கிலத்திலும் வந்தது. 2014 ஜனவரி 31 அன்று போர்தோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்து, பேசவும் அழைத்திருந்தார்கள். வயது 88. லெஜூன் பெயரில் இயங்கும் அறக்கட்டளை நீதிமன்ற அனுமதி பெற்று, அவர் பேச்சைப் பதிவுசெய்ய நீதிமன்ற அலுவலர்களை அனுப்பியது. வழக்கு வரும் என்று பயந்த அமைப்பாளர்கள் உரையை ரத்து செய்து, விருதைச் சந்தடியில்லாமல் தனியே கொடுத்தார்கள். அதுவரை மரபியலாளர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த தகராறு, இந்தத் தடையால் உலகப் பத்திரிகைகளுக்குச் செய்தியானது.

அதே ஆண்டு இன்செர்மின் அறநெறிக் குழு தன் கருத்தை வெளியிட்டது. சாட்சிகளில் பலர் உயிரோடு இல்லை. கிடைத்த தாள்களை வைத்து அது எடைபோட்டது. கூடுதல் குரோமோசோமைக் கண்டுபிடித்ததில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் கண்டுபிடிப்பை உலக அரங்குக்குக் கொண்டுசென்றதில் அவர் பங்கு மிகப் பெரியது. ஆனால் இரண்டாவது முதலாவது இல்லாமல் நடந்திருக்க முடியாது, இரண்டும் ஒன்றல்ல என்றது குழு. துர்பேனின் கருதுகோளுக்கும் அது உரிய இடம் கொடுத்தது. லெஜூன் அறக்கட்டளை இதை ஏற்கவில்லை.

என் கணக்கில், கேள்வி துர்பேனுடையது. பதிலைத் தெரியவைத்தவர் கோத்தியே. அது மனிதர்களுக்கு என்ன அர்த்தம் என்று ஊரெங்கும் சொன்னவர் லெஜூன். மூவரையும் சேர்த்து எழுதுவதில் யாருக்கும் குறைவில்லை. 2014 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு கோத்தியேவுக்கு லெஜியோன் தொனர் விருதின் அதிகாரி நிலையை அளித்தது. 2022 ஏப்ரல் 30 அன்று, 96 வயதில், பிறந்த மாவட்டத்திலேயே உள்ள மோ நகரில் காலமானார்.